டென்ஷன் வந்தால் வரும் இருமல்: எந்த வழியை முதலில் எடுப்பது?

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. "டென்ஷனால் வருவதாக இருக்கும், மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த அறையை விட்டு வெளியே வருவதற்குள் மறுபடி இருமல். இனி என்ன செய்வது? இன்னொரு டாக்டரைப் பார்ப்பதா, இருமல் மருந்தையே தொடர்வதா, கவுன்சிலிங் போவதா, இல்லை தானாகப் போகட்டும் என்று விட்டுவிடுவதா? இந்தக் குழப்பத்தில் இருப்பவர்களுக்குத்தான் இந்த ஒப்பீடு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இது மனதால் வருகிறதா, தொண்டையால் வருகிறதா" என்ற கேள்விக்கு விடை தெரிந்த பிறகுதான் வைத்தியம் என்று காத்திருந்தே பலர் மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விடை தேவையே இல்லை. அடிப்படைப் பரிசோதனைகளை ஒருமுறை ஒழுங்காக முடித்துவிட்டு, இருமலை அடக்கும் பயிற்சியில் இறங்குவதுதான் பெரும்பாலானவர்களுக்கு முதல் வழி. மருந்தும் கவுன்சிலிங்கும் அதற்குப் பக்கத்தில் வரலாம், பின்னாலும் வரலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது இருமல் எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் புரியும்.

குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. புகை, தூசி, வயிற்றிலிருந்து மேலேறும் அமிலம் என்று ஏதாவது பட்டால் அவை வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்பும். அடுத்த நொடி குரல்நாண்கள் இறுக மூடும், வயிற்றுத் தசையும் மார்புத் தசையும் உள்ளே அழுத்தும், பிறகு காற்று பீறிட்டு வெளியே வரும். இதுவரை எல்லாமே அனிச்சை. ஆனால் மூளையின் மேல்பகுதிக்கும் இதில் பிடி உண்டு. அதனால்தான் தும்மலை அடக்குவதைவிட இருமலைச் சற்று நேரம் அடக்கி வைக்க முடிகிறது, வேண்டுமென்றே இருமிக் காட்டவும் முடிகிறது. மன அழுத்தம் நுழையும் வாசலும் இதுதான். பதற்றத்தில் இருக்கும்போது வாயால், மேல்மார்பிலிருந்து, வேகமாக மூச்சு விடுகிறோம், தொண்டை காய்ந்துபோகிறது. கழுத்திலும் குரல்வளையைச் சுற்றியும் தசைகள் இறுகுகின்றன. சாதாரண நாளில் கண்டுகொள்ளாத சின்னக் குறுகுறுப்பு அன்றைக்குப் பெரிதாகத் தெரிகிறது. இருமுகிறோம். குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி இன்னும் எரிச்சலாகின்றன, குறுகுறுப்பு கூடுகிறது, மறுபடி இருமல். கொசு கடித்த இடத்தைச் சொறிகிற கதைதான்: சொறியும்போது சுகம், விட்டதும் முன்பைவிட அதிகமாக அரிக்கும்.

பல பேருக்கு இது ஒரு சாதாரண சளி, காய்ச்சலுக்குப் பிறகு ஆரம்பிக்கும். சளி போய்விடும், அந்த நரம்புகளின் கூச்சம் மட்டும் போகாது. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால், சிரித்தால், ஏசி காற்று முகத்தில் பட்டால், பக்கத்தில் யாராவது வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு வந்தால், உடனே இருமல். இப்படி ஏற்கெனவே கூச்சம் பிடித்த தொண்டையோடு ஒருவர் வேலை நெருக்கடியிலோ குடும்பத் தகராறிலோ மாட்டிக்கொண்டால், அவருடைய இருமலுக்குக் காரணம் மனமா தொண்டையா என்று எப்படிப் பிரிப்பது? எதிர்த் திசையிலும் யோசிக்க வேண்டும். மாதக்கணக்கில் இருமுகிறவருக்குத் தூக்கம் கெடும், நாலு பேர் முன்னால் கூச்சமாக இருக்கும், பெரிய வியாதியோ என்ற பயம் வரும். அவர் டாக்டர் முன்னால் பதற்றமாக உட்கார்ந்திருப்பதை வைத்து "பதற்றத்தால்தான் இருமல்" என்று முடிவுகட்டுவது அவசரம்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே ஓரங்கட்டிவிடலாம். "ராத்திரி தூக்கத்தில் இருமல் வரவில்லையா? அப்படியானால் அது மனசு சம்பந்தப்பட்டதுதான்" என்பார்கள். எந்தக் காரணத்தால் வரும் இருமலும் பெரும்பாலும் தூக்கத்தில் குறையத்தான் செய்யும். நெஞ்சக மருத்துவர்களின் அமெரிக்க அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, இரவில் இருமல் இல்லாததையோ இருமலின் சத்தத்தையோ வைத்து இப்படி முடிவு செய்ய வேண்டாம் என்கிறது.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

பரிசோதனை: எதுவரை, எங்கே நிறுத்துவது

பெரியவர்களுக்கு 8 வாரத்தைத் தாண்டினால்தான் அது நாள்பட்ட இருமல். 3 வாரத்துக்குள் இருப்பது பெரும்பாலும் சளியோடு வந்து தானாகப் போவது. இடைப்பட்ட காலத்தில், வேறு தொந்தரவு எதுவும் இல்லையென்றால் பொறுத்துப் பார்ப்பதும் ஒரு நல்ல வழிதான். வைரஸ் காய்ச்சலுக்குப் பிந்தைய இருமல் மெதுவாகத்தான் அடங்கும். ஆனால் காசநோய் பரவலாக இருக்கும் இடத்தில் இருப்பவர்களும் காசநோய் உள்ளவரோடு பழகியவர்களும் 2 வாரத்திலேயே சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, விடாத காய்ச்சல், இரவில் உடம்பு நனையும்படி வியர்ப்பது, மூச்சு வாங்குவது, விழுங்கச் சிரமம், நாள்கணக்கில் சரியாகாத குரல் கம்மல்: இதில் ஒன்று இருந்தாலும் நாள் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, டென்ஷன் என்ற பேச்சுக்கும் இடமில்லை. பல வருடம் புகைபிடித்தவருக்குப் புதிதாக இருமல் வந்தாலும், பழைய இருமலின் போக்கு மாறினாலும் அப்படித்தான்.

இவை எதுவும் இல்லாதவருக்குப் பரிசோதனைப் பட்டியல் சின்னதுதான். நெஞ்சு எக்ஸ்ரே, மூச்சுத்திறன் சோதனை, மூக்கையும் தொண்டையையும் ஒரு பார்வை. இவற்றோடு, எல்லாரும் தாண்டிப்போகிற ஒரு விஷயம் மாத்திரைப் பட்டியல். ரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று "ப்ரில்" என்று முடியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு வறட்டு இருமல் வரும். மாத்திரையைத் தொடங்கிச் சில மாதம் கழித்துக்கூட வரலாம். டாக்டர் வேறு வகை மாத்திரைக்கு மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் போய்விடும், சிலருக்கு 3 மாதம் வரை இழுக்கும். நாமாக நிறுத்திவிடக் கூடாது, அது வேறு ஆபத்து. ஒரு மாத்திரையை மாற்றுவதோடு முடிய வேண்டிய விஷயத்துக்கு மனோதத்துவம் பேசிக்கொண்டிருப்பது எவ்வளவு அபத்தம்!

மூக்கிலிருந்து தொண்டைக்குள் வடியும் சளி, ஆஸ்துமா, அமிலம் மேலேறுவது: எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறவர்களின் நாள்பட்ட இருமலுக்குப் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். இதில் ஆஸ்துமாதான் அதிகம் ஏமாற்றும். இழுப்போ வீசிங்கோ இல்லாமல் வெறும் இருமலாக மட்டும் வரும் ஆஸ்துமா உண்டு. மன அழுத்தம் ஆஸ்துமாவையே தூண்டிவிடும் என்பதால், "டென்ஷனானால் இருமல் கூடுகிறது" என்பதை வைத்து ஆஸ்துமா இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமிலத்தைப் பொறுத்தவரை, நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ இல்லாதவருக்கு இருமலுக்காக மட்டும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் கொடுப்பதில் பெரிய பயன் இல்லை. வழிகாட்டுதல்களும் அதை ஆதரிப்பதில்லை.

இத்தனையும் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் கிடைக்கவில்லை. இதற்கு மேல் மூன்றாவது டாக்டர், நான்காவது ஸ்கேன் என்று போவதை நான் ஆதரிக்கமாட்டேன். ஒவ்வொரு புதுப் பரிசோதனையும் முடிவு வரும்வரை பயத்தைக் கூட்டும், வந்த பிறகு இரண்டு நாள் நிம்மதி தரும், மூன்றாம் நாள் "இதில் தெரியாத ஏதோ இருக்குமோ" என்று ஆரம்பித்துவிடும். ஒரு விதிவிலக்கு: இருமலோடு திடீரென்று தொண்டை அடைத்து மூச்சு உள்ளே போகாத மாதிரி ஆகிறவர்கள் ஈ.என்.டி. டாக்டரிடம் குரல்வளையைக் கேமரா வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. மூச்சை இழுக்கும்போது குரல்நாண்கள் திறப்பதற்குப் பதில் நெருங்கிக்கொள்ளும் ஒரு தொந்தரவு உண்டு. அதற்கும் பயிற்சிதான் வைத்தியம் என்றாலும், தெரிந்துகொண்டு போவது வேறு.

இருமல் சிரப், மிட்டாய்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கையில் கிடைப்பது, உடனே ஒரு ஆறுதல் தருவது, அவ்வளவுதான் இதன் பலம். இருமல் மருந்துச் சோதனைகளில் மருந்தே கலக்காத இனிப்புத் திரவம் குடித்தவர்களுக்கும் இருமல் கணிசமாகக் குறைந்திருக்கிறது. விழுங்குவதும் இனிப்பும் நம்பிக்கையும் சேர்ந்தே பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. நாள்பட்ட இருமலுக்கு இதையே நம்பிக்கொண்டிருந்தால் பாட்டில்தான் காலியாகும். கோடீன் கலந்தவை மயக்கம், மலச்சிக்கல், பழக்கமாகிவிடும் அபாயம் மூன்றையும் கொண்டுவரும். குழந்தைகளுக்கு அறவே கூடாது. மென்தால் மிட்டாய் வாயில் போட்ட நேரத்துக்குக் குளிர்ச்சியாக இருக்கும், பிறகு சிலருக்குத் தொண்டையை இன்னும் காயவைக்கும். அதற்கு ஒரு வாய் தண்ணீரே மேல்.

இருமலை அடக்கும் பயிற்சி

இதைப் பேச்சுப் பயிற்சியாளர்கள், அதாவது ஸ்பீச் தெரபிஸ்ட்டுகள் சொல்லிக்கொடுக்கிறார்கள். சில இடங்களில் பிசியோதெரபிஸ்ட்டுகளும் செய்கிறார்கள். திக்குவாய்க்கும் பக்கவாதத்துக்கும்தான் அவர்களிடம் போவார்கள் என்று நினைத்திருப்பதால் பலருக்கு இந்த வழியே தெரியாது. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு அமர்வுகள் போதும். மீதி எல்லாம் வீட்டில் நாம் செய்வது.

2006இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வில், மருந்துக்கு அடங்காத நாள்பட்ட இருமல் உள்ள 87 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இந்தப் பயிற்சி, மற்றதற்குப் பொதுவான ஆரோக்கிய ஆலோசனை. பயிற்சி எடுத்தவர்களில் 88 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. மற்ற குழுவில் 14 சதவீதம். 2017இல் பிரிட்டனில் 75 பேரிடம் நடந்த ஆய்வில் இருமலை எண்ணும் கருவியையே பொருத்திப் பார்த்தார்கள். ஒப்பீட்டுக் குழுவைவிட இருமல் எண்ணிக்கை 41 சதவீதம் குறைந்தது. 88 என்ற முதல் எண்ணை அப்படியே நம்பிக்கொண்டு போக வேண்டாம். "எனக்குப் பரவாயில்லை" என்று தோன்றுவதும் இருமல் எண்ணிக்கை குறைவதும் ஒன்றல்ல. இரண்டாவது எண்தான் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. அதுவே நல்ல எண்தான்.

பயிற்சியில் என்னதான் இருக்கிறது? இருமல் வருவதற்கு ஒரு கணம் முன்னால் தொண்டையில் ஒரு குறுகுறுப்பு தெரியுமே, அதைப் பிடிப்பதுதான் முதல் பாடம். முதலில் இது தெரியவே தெரியாது, இருமிய பிறகுதான் ஞாபகம் வரும். கொஞ்ச நாளில் தெரிய ஆரம்பிக்கும். தெரிந்த உடனே வாயை மூடி, எச்சிலை அழுத்தி ஒருமுறை விழுங்க வேண்டும். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் ஒரு மிடறு. விழுங்கும்போது குரல்வளை தானாக மேலே போய் மூடிக்கொள்ளும், அந்த நொடியில் இரும முடியாது. அடுத்து மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, உதட்டை லேசாகக் குவித்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விட வேண்டும். தோளைத் தூக்கக் கூடாது, தாடையை இறுக்கக் கூடாது. இப்படி நாலைந்து மூச்சு. குறுகுறுப்பு அலை மாதிரி எழும்பி உச்சிக்குப் போய், பிறகு தானாக இறங்கும். முதல் வாரத்தில் பத்து தடவையில் ஏழெட்டு தடவை அது ஜெயித்துவிடும், பரவாயில்லை. அடக்க முடியாமல் போனால் வாயை மூடிக்கொண்டு மெதுவாக இருமிவிட்டு மறுபடி மூச்சுக்கு வந்துவிட வேண்டும். முழு நிறுத்தம் இப்போதைக்கு இலக்கு இல்லை. அரை நிமிடம் தள்ளிப்போடுவது, பிறகு ஒரு நிமிடம், அப்புறம் கொஞ்சம் கூட.

குறுகுறுப்பு இல்லாத நேரத்திலும் இந்த மூச்சை ஒரு நாளைக்குச் சில தடவை பழகி வைக்க வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நெருக்கடியில் முதல்முறையாக முயன்று பார்த்துவிட்டு "எனக்கு இது சரிப்படாது" என்பார்கள்.

இன்னொரு பாதி, தொண்டையைப் பேணுவது. செருமுவதை நிறுத்துவது இதில் மிகக் கடினமானது, ஏனென்றால் செருமுகிறோம் என்பதே நமக்குத் தெரியாது. வீட்டில் உள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும். அடிக்கடி தண்ணீர் குடிப்பது, காபியையும் மதுவையும் குறைப்பது, மூக்கால் மூச்சு விடுவது, நீளமாகப் பேசும்போது நடுநடுவே நிறுத்துவது, புகை பக்கம் போகாமல் இருப்பது. புதிதாக ஒன்றும் இல்லைதான்.

குறை என்ன? இருமலுக்கென்று பழகிய பயிற்சியாளர் எல்லா இடத்திலும் கிடைக்கமாட்டார். சோம்பல் வந்தால் பலன் போய்விடும். சளி கட்டி வெளியே வர வேண்டிய இருமலுக்கு இது பொருந்தாது, அங்கே அடக்குவது தப்பு. மற்றபடி பக்கவிளைவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. இதை நான் முதலில் வைப்பதற்கு முக்கியமான காரணம் வேறு. தூண்டுவது நரம்பின் கூச்சமா, மனப் பதற்றமா, வெறும் பழக்கமா என்று இந்தப் பயிற்சி கேட்பதே இல்லை. மூன்றும் வந்து சேரும் அந்தக் குறுகுறுப்பிலேயே கை வைக்கிறது. "உனக்கு மனசில்தான் கோளாறு" என்ற பட்டத்தைச் சுமக்காமல் ஒருவர் வைத்தியத்தைத் தொடங்கிவிடலாம்.

கவுன்சிலிங்கா, பயிற்சியா

கவுன்சிலிங்கைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தூக்கம் போய்விட்டது, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது, ஒரு இழப்புக்குப் பிறகுதான் இதெல்லாம் ஆரம்பித்தது என்றால், இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனநல ஆலோசனை தேவைதான். அப்படிப்பட்டவருக்கு அதுவே முதல் வழி, பயிற்சி கூடவே நடக்கட்டும். ஆனால் மனநிலை மொத்தத்தில் சரியாக இருக்கிறது, நெருக்கடியான நேரத்தில் மட்டும் இருமல் கூடுகிறது என்பவருக்குக் கவுன்சிலிங் மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் சி.பி.டி. போன்ற முறைகளுக்குப் பதற்றத்தைக் குறைப்பதில் நல்ல ஆதாரம் இருக்கிறது. இருமலையே நேரடியாகக் குறைப்பதற்கான ஆதாரம், மேலே சொன்ன பயிற்சிக்கு இருக்கும் அளவுக்கு இல்லை. தியானமும் அப்படியே. மனம் அமைதியாகும், ஆனால் வருடக்கணக்காகச் செருமிப் பழகிய தொண்டை அதை மறக்க, தொண்டைக்கென்று ஒரு வேலை கொடுத்தாக வேண்டும்.

ஆலோசகரிடம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். இருமல் எந்தெந்த நேரத்தில் கூடுகிறது, அதற்கு முன் மனதில் என்ன ஓடியது என்று கேட்டு, "எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்" என்ற பயத்தைக் கையில் எடுக்கிறவர் உபயோகமானவர். "டென்ஷனாகாதீர்கள்" என்று மட்டும் சொல்கிறவரிடம் இரண்டாம் தடவை போக வேண்டியதில்லை.

நரம்பின் கூச்சத்தைத் தணிக்கும் மாத்திரைகள்

கபாபென்டின், பிரிகாபலின், குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் என்று நரம்பு வலிக்குத் தரும் மருந்துகளை அடங்காத இருமலுக்கும் தருகிறார்கள். 2012இல் வெளிவந்த 62 பேர் ஆய்வில் கபாபென்டின் எடுத்தவர்களுக்கு நன்றாகவே குறைந்தது. மருந்தை நிறுத்தியதும் பலனும் போய்விட்டது. தலைசுற்றல், தூக்கக் கலக்கம், மறதி ஆகியவை சகஜம் என்பதால் வண்டி ஓட்டுகிறவர்களும் வயதானவர்களும் யோசிக்க வேண்டும். பிரிகாபலினைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தபோது, பயிற்சி மட்டும் எடுத்தவர்களைவிட அன்றாட வாழ்க்கை மேம்பட்டதாக இன்னோர் ஆய்வு சொல்கிறது. ஆகவே பயிற்சியைத் தொடங்கக்கூட விடாமல் இருமல் வாட்டுகிறவருக்கு இது நல்ல ஊன்றுகோல். இருமல் நரம்புகளுக்கென்றே வந்த ஜெஃபாபிக்ஸன்ட் என்ற மருந்துக்கு ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதி கொடுத்தன, அமெரிக்காவில் கிடைக்கவில்லை. அதைச் சாப்பிடுகிற பலருக்கு நாக்கில் ருசியே மாறிவிடும்.

இவற்றில் எதையும் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடக்கூடாது. தொடங்கினால் எத்தனை வாரத்தில் பலன் பார்ப்பது, பலன் இல்லையென்றால் எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அன்றைக்கே கேட்டுக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளுக்கு வேறு கணக்கு

குழந்தைகளுக்கு 4 வாரத்தைத் தாண்டினாலே நாள்பட்ட இருமல்தான். சளி பிடித்து விட்ட பிறகு, பகல் முழுக்க ஒரே மாதிரியான உரத்த இருமல், விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது காணோம் என்ற நிலை பள்ளிப் பிள்ளைகளிடம் உண்டு. ஆஸ்துமா முதலானவற்றை மருத்துவர் பார்த்து ஒதுக்கிய பிறகு, இதற்கு மாத்திரையைவிட நம்பிக்கையூட்டும் பேச்சே நன்றாக வேலை செய்கிறது. "இப்போது ஒரு நிமிடம் இருமாமல் இரு பார்ப்போம், வரும்போல் இருந்தால் ஒரு வாய் வெந்நீர் குடி" என்று ஆரம்பித்து, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, "உன்னால் அடக்க முடிகிறது பார்த்தாயா?" என்று காட்டுவார்கள். சில பிள்ளைகளுக்கு ஒரே அமர்வில் நின்றுவிடுகிறது. அதட்டுவதும், ஒவ்வொரு இருமலுக்கும் ஓடிப்போய் முதுகைத் தடவுவதும் இரண்டுமே இதை வளர்க்கும்.

பெரியவர்கள் பயிற்சியைத் தொடங்கினால் நான்கு முதல் எட்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். இருமல்களை எண்ண வேண்டாம், எண்ணினால் கவனம் முழுக்கத் தொண்டையிலேயே போய் நிற்கும். தூங்கப் போகுமுன் அன்றைய தொந்தரவுக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் குறித்து வைத்தால் போதும். வாரச் சராசரி இறங்கினால் அதே வழியில் தொடரலாம். இறங்கவே இல்லையென்றால் அந்தத் தாளையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும், எந்த நேரத்தில் எது தூண்டுகிறது என்ற குறிப்பையும் எடுத்துக்கொண்டு நுரையீரல் மருத்துவரிடம் திரும்பப் போங்கள். ஆஸ்துமாவை முழுதாக ஒதுக்கியாகிவிட்டதா, குரல்வளையைப் பார்க்க வேண்டுமா, நரம்பு மாத்திரைக்கு நேரம் வந்துவிட்டதா என்ற மூன்றையும் அந்த வரிசையிலேயே கேளுங்கள்.